படிகளில் முதலில் ஓடியவர்

1976-இல் வெளிவந்த 'ராக்கி' திரைப்படத்தின் இரு காட்சிகளை உலகம் நன்கறியும். இறைச்சிக் கிடங்கில் தொங்கும் மாட்டுடல்களைக் குத்தி நாயகன் பயில்வது ஒன்று. பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடி ஏறுவது மற்றொன்று. இவ்விரண்டும் தம் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஜோ ஃபிரேசியர் கூறியுள்ளார்.

ஃபிரேசியர் தென் கரோலினாவின் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பிலடெல்பியாவின் இறைச்சிக்கூடமொன்றில் வேலை செய்துகொண்டே குத்துச்சண்டை பயின்றவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1971-இல், தொழில்முறைப் போட்டியில் முகமது அலியை முதன்முதலாகத் தோற்கடித்தார். ஆனால் 'ராக்கி'யில் அவருக்குக் கிடைத்தது சில நொடித் தோற்றம் மட்டுமே. உழைத்து உயரும் நாயகன் வெள்ளையன். செருக்குற்ற சாம்பியன் அப்பல்லோ கிரீட் கறுப்பர். அடுத்தடுத்த படங்களில் அப்பல்லோ தோற்கிறார், நண்பராகிறார், 1985-இல் வந்த நான்காம் படத்தில் களத்திலேயே இறக்கிறார். அவரது குடும்பம் என்னவாயிற்று என்று கதை கேட்கவில்லை.

அக்கேள்வியை 2015-இல் 'கிரீட்' வழியே எழுப்பியவர் இளம் கறுப்பின இயக்குநர் ரையன் கூக்ளர். தந்தை இறந்தபின் பிறந்த அடோனிஸ், ஜான்சன் என்னும் தாய்வழிப் பெயரையே சூடிக்கொள்கிறான். தந்தையின் பெயரை ஏற்பதா என்பதே அவனது உண்மையான போராட்டம். முதுமையுற்ற ராக்கி அவனுக்குப் பயிற்சியாளர். 1976-இல் ராக்கி தோற்றதைப் போலவே அவனும் நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் தோற்கிறான். இறுதியில், நோயுற்ற ராக்கி அவன் துணையோடு அதே படிகளில் மெல்ல ஏறுகிறார்.

இதனைத் தலைமுறை மாற்றம் என்று மட்டும் சொல்வது போதாது. கறுப்பின வீரர்களின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது அவர்தம் வழித்தோன்றலுக்கே திரும்பும் கதையாகவும் இதனை வாசிக்கலாம்.

நகரமும் காலந்தாழ்த்தியே கடனைத் தீர்த்தது. 'ராக்கி 3' படத்துக்காக வார்க்கப்பட்ட கற்பனை வீரனின் வெண்கலச் சிலை 1980-களிலேயே பிலடெல்பியாவில் நின்றது. ஃபிரேசியர் 2011-இல் மறைந்தார். அவரது சிலை அங்கே திறக்கப்பட்டது 2015 செப்டம்பரில். 'கிரீட்' திரைக்கு வந்தது அவ்வாண்டு நவம்பரில்.

எனினும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அப்படத்துக்குக் கிடைத்தது ஓரிடமே. அது கூக்ளருக்கன்று, அடோனிஸாக நடித்த மைக்கேல் பி. ஜோர்டனுக்கும் அன்று, ராக்கியாக நடித்த சில்வெஸ்டர் ஸ்டலோனுக்கு.