அழுகைக் கோச்சியில் போன கூட்டாளிகள்



போன கிழமை வகுப்பில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1964 ஒக்டோபர் 30. நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம். கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்ததும் பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப லவ் பண்ணிக்கிட்டு இருந்தவங்க என்ன செஞ்சாங்க?"

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் டிக்கோயாவில் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்களிடம் கேட்டால், அவர்கள் முதலில் சொல்லப் போவது அதைத்தான்.

1948இல் குடியுரிமை போனது. அடுத்த வருடம் வந்த சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதனால் இது லயத்துச் சனங்களின் பிரச்சினை மட்டும் என்று நம்மவர்கள் நினைக்க வேண்டாம். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் வேர் உள்ள கடைக்காரக் குடும்பங்களும் அதே வரிசையில் நின்றவைதான். ஆனாலும் அடி முழுக்க விழுந்தது தோட்டத்தின் மேல்.

1964க்குப் பிறகு எந்த நாடு என்று விண்ணப்பம் போட வேண்டும். போட்டவர் குடும்பத் தலைவர், அதாவது அப்பா. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெயர் அந்தப் படிவத்தில் ஒரு வரி. அவர்களை யாரும் கேட்கவில்லை. தொண்டமான் போன்ற தலைவர்களிடமே கேட்காமல் செய்த ஒப்பந்தம், பிள்ளைகளிடமா கேட்பார்கள்?

அன்றைக்குத் தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க டிக்கோயாவுக்கோ ஹட்டனுக்கோ நடந்து வர வேண்டும். வந்தவர்கள் சொற்பம், அதிலும் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். மற்றவர்கள் செக்ரோலில் பேர் பதிந்து கூடையைத் தலையில் மாட்டினார்கள். ஆகவே கூட்டாளித்தனம் வளர்ந்த இடம் பள்ளிக்கூடம் அல்ல, கொழுந்து மலையும் பீலிக்கரையும்தான். குளிக்க, குடத்தில் தண்ணீர் பிடிக்க என்று பெண் பிள்ளைகள் பீலிக்குப் போகும் நேரம் பார்த்துப் பையன்களுக்கும் அந்தப் பக்கம் வேலை வந்துவிடும். பெரியவர்களுக்கு இது தெரியாமலில்லை.

மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. அமாவாசைக்குப் பிறகு காமனை ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரிக்கும் வரைக்கும் இரவுகளில் லயத்துச் சனம் தூங்காது. மன்மதனுக்கும் ரதிக்கும் வேஷம் கட்டுவது ஊர்ப் பையன்கள்தான். ரதி வேஷம் போட்டவன் ஒப்பாரி வைக்கும்போது பொம்பளைகள் நிஜமாகவே அழுவார்கள். டவுனிலிருந்து நம்முடைய ஆட்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்க்கப் போவதுண்டு. இளசுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வருடத்தில் கிடைத்த பெரிய வாய்ப்பு அது.

பாஸ்போர்ட் வரத் தொடங்கியதும் பேச்சு மாறியது. மாப்பிள்ளை பார்க்கிறபோது சாதி, குலம் கேட்ட வாயெல்லாம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டது: "இந்தியாவுக்கா, சிலோனுக்கா?" ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. ஒருவனுடைய அப்பா அந்தப் பக்கம், ஒருத்தியுடைய அப்பா இந்தப் பக்கம். அவசரக் கல்யாணம் முடித்துக்கொண்டு சேர்ந்து போனவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்து அடி வாங்கியவர்களும் உண்டு. 1973, 74 பஞ்சத்தில் வயிறு காய்ந்தபோது, போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த குடும்பங்களும் புறப்பட்டன.

ஹட்டன் ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அந்தக் கோச்சிக்குச் சனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. வழியனுப்ப ஒரு தோட்டமே வந்து நிற்கும். ஒப்பாரி வைத்து அழுவதற்கு உறவுக்காரர்களுக்கு உரிமை இருந்தது. பீலிக்கரைச் சிநேகிதனுக்கு அந்த உரிமை இல்லை. அவன் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

பிறகு கடிதங்கள். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது (இன்றைக்கும் பல தோட்டங்களில் அதே கதைதான்). கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்துதான் கைக்கு வரும். ஒரு குமர்ப் பிள்ளைக்கு இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால் அடுத்த நாள் பெரட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் சிலர் டவுன் கடைகளின் முகவரியைக் கொடுத்தார்கள். எங்கள் வாப்பாவின் கடைக்கும் அப்படி வந்தன. மாதச் சாமான் வாங்க வரும்போது "நானா, ஏதாச்சும் வந்திச்சா?" என்று மெதுவாகக் கேட்பார்களாம்.

வாப்பா மௌத்தான பிறகு கடை லாச்சியில் ஒரு நீலநிற ஏரோகிராம் கிடைத்தது. பிரிக்கவில்லை. அனுப்பியவர் இடத்தில் முதலெழுத்தும் கோத்தகிரி என்ற ஊரும் மட்டும். உம்மா சொன்னார்: "அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. குழப்பம் வேணாம்னு வாப்பா வெச்சிக்கிட்டாரு."

எங்கள் வீட்டில் இதைப் பற்றி நிறையப் பேசினோம். அமானிதம் உரியவரிடம் சேர வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள். வாப்பா நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனாலும் அது அவருடைய கடிதமல்ல. அந்த அம்மா இதே பக்கத்துத் தோட்டத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். போன மாதம் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தோம்.

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாதே டீச்சர். அப்பல்லாம் கூட்டாளிதான் வாசிச்சுக் காட்டுவா. அவளும் போயிட்டா. நீங்களே வாசிங்க."

வாசித்தோம். நாம் நினைத்த மாதிரி எந்தப் பையனும் எழுதியதல்ல. அந்தக் கூட்டாளியே எழுதியது. மண்டபம் முகாமில் இருந்தது, அங்கிருந்து கோத்தகிரிக்கு வந்தது, அங்கேயும் தேயிலை மலைதான் என்பது, தன்னைச் சிலோன்காரி என்று கூப்பிடுகிறார்கள் என்பது. "யாரையாவது வாசிக்கச் சொல்லி எனக்குப் பதில் போடு. நீ மறந்துட்டேன்னு நினைக்க மாட்டேன்" என்று முடித்திருந்தாள்.

"நான் அவ மறந்துட்டான்னுல்ல நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. நாற்பது வருடத்துக்கு மேலாக.

அப்படிப் போனவர்கள் எல்லாமாக நாலரை இலட்சத்துக்கும் மேல். 1984ஓடு கப்பலும் நின்றது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடு இங்கே மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. வகுப்பில் இதையும் எழுதிப் போடுவோம்.

கோத்தகிரி, கூடலூர், வால்பாறைப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் எங்களுக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். பெயர், தோட்டம் எதையும் பொதுவில் போட வேண்டாம். அந்த அம்மா பதில் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு பக்கம் வந்திருக்கிறது.