மனோரமா (1937–2015)

மனோரமா தமிழ் நாடக, திரைப்பட, தொலைக்காட்சி நடிகை. இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயுடன் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்து அங்கே வளர்ந்தார். 'ஆச்சி' என்று திரையுலகம் அவரை அழைத்தது அந்தச் செட்டிநாட்டுத் தொடர்பால்தான். ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றதும், அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., என்.டி.ராமராவ், ஜெயலலிதா என்று முதலமைச்சரான ஐவருடன் மேடையிலும் திரையிலும் நடித்ததும் அவரைப் பற்றிய பேச்சில் முதலில் வரும் செய்திகள். படங்களின் எண்ணிக்கை சொல்பவரைப் பொறுத்து ஆயிரம் என்றும் ஆயிரத்து ஐந்நூறு என்றும் மாறும். இந்த இரண்டு செய்திகளும் அவருடைய உழைப்பையும் நீண்ட ஆயுளையும் காட்டுகின்றன. நடிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தமிழ்ப் படத்தில் நகைச்சுவை நடிகை என்பவர் ஓர் ஆண் நடிகரின் ஜோடியாக மட்டுமே இருந்த நிலையை மாற்றி, தனக்கென்று கதையில் ஓர் இடத்தை வாங்கியவர் அவர். அவருடைய தொழில் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்ப்பதே பொருத்தம்.

அவருக்கு முன்னிருந்தவர்களைப் பார்த்தால் மாற்றத்தின் அளவு புரியும். டி.ஏ.மதுரம் என்றதும் என்.எஸ்.கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். சி.டி.ராஜகாந்தம் காளி என்.ரத்தினத்தின் ஜோடி, 1941-இல் வந்த 'சபாபதி' அதற்குச் சான்று. 'கல்யாணப் பரிசு' படத்தில் தங்கவேலுவின் புளுகுகளை நம்பியும் நம்பாமலும் திணறுகிற எம்.சரோஜா இல்லாமல் அந்தக் காட்சிகள் எடுபடா. ஆனாலும் அவை இன்றும் தங்கவேலு காமெடி என்றே அறியப்படுகின்றன. மதுரமும் ராஜகாந்தமும் திறமையில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். குறை அமைப்பில் இருந்தது. நகைச்சுவைப் பகுதி பல படங்களில் தனியாக எழுதப்பட்டு, தனியாகப் படமாக்கப்பட்டு, கதையின் ஓரத்தில் ஒட்டப்பட்டது. அந்த ஓரத்திலும் நடுவில் நின்றவர் ஆண்.

மனோரமா வந்த வழி நாடகக் கொட்டகை. பன்னிரண்டு வயதில் மேடையேறியவர் பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்து, கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் பெயர் பெற்றார். மேடையில் அவர் நகைச்சுவைக்காரியாக மட்டும் இருந்ததில்லை. கதாநாயகியாகவும் நின்றவர், பாடத் தெரிந்தவர், நீண்ட வசனத்தை ஒரே மூச்சில் பேசிப் பழகியவர். 1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்தில் அறிமுகமானார். கதாநாயகியாக இருந்தால் சில வருடங்களில் காலம் முடிந்துவிடும், நகைச்சுவைக்கு அந்தக் கெடு கிடையாது என்ற பொருளில் கவிஞர் தன்னைத் தேற்றியதாக மனோரமா பின்னாளில் சொல்வதுண்டு. 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். அந்தப் பாதை தொடரவில்லை. கவிஞர் கணித்தது சரியாகவே இருந்தது.

அறுபதுகளில் அவரும் ஜோடியாகத்தானே இருந்தார் என்று கேட்கலாம். இருந்தார். 'அன்பே வா' (1966), 'அனுபவி ராஜா அனுபவி' (1967) என்று நாகேஷ்–மனோரமா சேர்க்கை அக்காலப் படங்களின் கட்டாயப் பண்டமாகவே இருந்தது. ஆனால் இது பழைய ஜோடிகளைப் போல நிரந்தரமானதல்ல. சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று எதிரே நிற்பவர் மாறிக்கொண்டே இருந்தார், மனோரமா மாறவில்லை. மேலும், ஜோடிக் காட்சிகளுக்குள்ளேயே அவர் தனக்கென்று ஒரு கருவியை வளர்த்துக்கொண்டார். அது பேச்சு. 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடித் தமிழ். மறு ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழ், அதில் அவர் சொந்தக் குரலில் பாடிய பாட்டு சோவின் காட்சிகளையும் மீறி நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் கொங்குத் தமிழ். வட்டார வழக்கை வேடிக்கைக்காகக் கொச்சைப்படுத்துவது சினிமாவில் சாதாரணம். மனோரமா பேசும்போது அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு வயது தெரியும். வசனகர்த்தா எழுதாத பாத்திரத்தைக்கூட அவர் உச்சரிப்பிலேயே உண்டாக்கிவிடுவார்.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். அதில் நாகேஷும் இருக்கிறார், மனோரமாவும் இருக்கிறார். ஆனால் இருவரும் ஜோடி அல்லர். நாகேஷ் சூழ்ச்சிக்கார வைத்தி. மனோரமா நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி. இழுத்து இழுத்துப் பேசுவதும் வெட்கப்பட்டுக் குழைவதும் நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தைக் கண்டு மயங்குவதும் சிரிப்பை வரவழைக்கின்றன. அதோடு நின்றிருந்தால் அது இன்னொரு காமெடி வேடம். மோகனாம்பாளும் மேடையில் பிழைக்கிற பெண், ரமாமணியும் மேடையில் பிழைக்கிற பெண். ஒருத்திக்குச் சாஸ்திரிய நாட்டியத்தின் கௌரவம் இருக்கிறது; மற்றவளுக்குக் கொட்டகையின் கைதட்டல்தான். அந்த வேற்றுமையை ஒரு வசனத்திலும் வலியுறுத்தாமல், தன்னைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டே பேசும் ஒரு தொனியில் மனோரமா கொண்டுவந்துவிடுகிறார். சிவாஜியும் பத்மினியும் நடித்த படத்தில் பார்வையாளர் இன்றும் பெயர் சொல்லிக் கேட்கிற துணைப் பாத்திரங்களில் ஒன்று அது. அவர் நடித்தவற்றில் இதுவே தலைசிறந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

எண்பதுகளுக்குப் பின் அவர் அம்மாவாகவும் பாட்டியாகவும் மாறி அழத் தொடங்கிவிட்டார், ஆகவே நகைச்சுவை நடிகை என்ற கணக்கை அங்கே முடித்துவிடலாம் என்பது இன்னொரு தடை. படங்கள் அப்படிச் சொல்லவில்லை. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் அவர் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. பிளவுபட்ட சம்பந்தி வீட்டைச் சேர்த்து வைக்க அவர் போடும் பொய்ச் சண்டை சிரிப்புக் காட்சி. அதே நேரம் கதையின் ஒரு முடிச்சு அவிழ்வதும் அங்கேதான். ஓரத்தில் ஒட்டப்பட்ட நகைச்சுவை கதையை நகர்த்தும் இடத்துக்கு வந்துவிட்டது. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தின் வளர்ப்புத் தாயும், நீட்டிய பற்களோடு வந்த 'சின்னக் கவுண்டர்' (1992) தாயும் சிரிப்பையும் பாசத்தையும் ஒரே மூச்சில் தந்தவர்கள். 'நடிகன்' (1990) இன்னும் துணிச்சலானது. கிழவர் வேடம் போட்ட சத்யராஜிடம் மனத்தைப் பறிகொடுக்கும் நடுவயதுப் பேபி அம்மாவைக் கேலிப் பொருளாக மட்டும் விட்டிருக்கலாம். அவளுடைய ஆசை உண்மையானது என்று பார்ப்பவர் நம்பும்படி நடித்ததால் சிரிப்பில் சிறிது குற்ற உணர்வும் கலக்கிறது. பார்த்திபனின் முதல் படமான 'புதிய பாதை' (1989) அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது. 2002-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருடைய நடிப்பு சத்தமானது, மிகையானது என்ற குறையை முழுதாக மறுக்க முடியாது. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிய மேடைப் பழக்கம் குளோசப்பிலும் விடவில்லை. தொண்ணூறுகளின் சில அம்மா வேடங்களில் அழுகை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். கிடைத்த வேடங்கள் பலவற்றில் பெண்ணின் தோற்றத்தையோ வயதையோ கிண்டலடிப்பதே நகைச்சுவையாக இருந்தது என்பதும் உண்மை. இவற்றுக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமல்ல. வருடத்துக்குப் பல படங்களில் நடித்த ஒருவருக்கு வேடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி குறைவு. நல்ல எழுத்து கிடைத்த இடங்களிலெல்லாம் அவர் குரலைத் தாழ்த்தியிருக்கிறார் என்பதற்கு மேற்சொன்ன படங்களே சாட்சி.

தொலைக்காட்சித் தொடர்களிலும் பிற்காலத்தில் நடித்தார்; அங்கே அவருடைய சாதனை திரைக்கு நிகரானதல்ல. ஆனால் தொலைக்காட்சி வேறொரு விதத்தில் அவரைப் பாதித்தது. நாள் முழுதும் நகைச்சுவைத் துணுக்குகளை ஒளிபரப்பும் சேனல்கள் வந்தபின், வெட்டி எடுக்க வசதியான தனிக்காட்சிகளே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. கவுண்டமணி–செந்தில், வடிவேலு காட்சிகள் இதற்கென்றே பிறந்தவை போலிருக்கும். கதையோடு பின்னிய ரமாமணியையோ பேபி அம்மாவையோ மூன்று நிமிடத்தில் வெட்டி எடுத்தால் பாதிதான் வரும்.

அவர் வாங்கிய இடத்தைப் பின்வந்தவர்கள் தக்கவைத்துக்கொண்டார்களா என்றால், திறமைக்குக் குறைவில்லை, இடம்தான் திரும்பச் சுருங்கிவிட்டது. கோவை சரளா கவுண்டமணிக்கும் பின்னர் வடிவேலுவுக்கும் ஜோடியாக, பெரும்பாலும் அடிக்கிற மனைவியாக, பல ஆண்டுகள் நடிக்க வேண்டியிருந்தது. பாலு மகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995) கமல்ஹாசனுக்கு எதிரே முழு வேடம் ஒன்றைக் கொடுத்தபோது அவரால் என்ன முடியும் என்று தெரிந்தது; அப்படிப்பட்ட வேடங்கள் அடிக்கடி எழுதப்படவில்லை. மனோரமா 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். அவருக்குப் பிறகு அதே அளவு வேடங்களும் அதே அளவு சுதந்திரமும் எந்த நகைச்சுவை நடிகைக்கும் தமிழ்ப் படவுலகம் தரவில்லை.