அடுப்பும் அடுக்களையும்

வீடு கட்டி அடுப்பை வைத்தார்களா, அடுப்பை வைத்து வீடு கட்டினார்களா என்று கேட்டால் பலர் நகைக்கக்கூடும். ஆனால் நம் மொழியே இதற்கு விடை கூறுகிறது. அட்டில், அடிசில், அடுப்பு, அடுக்களை ஆகிய எல்லாம் ‘அடு’ என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். அடுதல் என்பது சமைத்தல். சமைக்கும் தீயின் பெயரையே அத்தீ இருக்கும் அறைக்கும் நம் முன்னோர் இட்டனர். பிற இடங்களில் சமையலறை என்றும், ஈழத்தில் போர்த்துக்கீசியர் வழிவந்த குசினி என்றும் வழங்கினாலும், நாஞ்சில் நாட்டு மூதாட்டிக்கு அது அடுக்களைதான்.

அந்த அடுக்களையை வீட்டின் எம்மூலையில் வைப்பது? தமிழ் மனையடி நூலார் தென்கிழக்கை அக்கினி மூலை என்பர். மலையாள நாட்டு நாலுகெட்டிலோ வடக்கும் வடகிழக்கும் சிறப்பிடம் பெறும். இவ்விரண்டு மரபுகளும் கைகோக்கும் எல்லையில் அமைந்தது நாஞ்சில் நாடு. இரண்டு மரபிலும் அடுப்பு கிழக்குப் பக்கத்தை நாடுவதைக் காணலாம். இடவப்பாதியில் தொடங்கி மாதக்கணக்கில் வீசும் மேல்காற்று, மலையிடுக்கான ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து விரைவதை நேயர்கள் அறிவர். முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வது அக்காற்றினால்தான். மேற்கே அடுப்பை வைத்தால் புகை முழுவதும் வீட்டுக்குள் புகும். கிழக்கே வைத்தால் வெளியேறும். சாத்திரம் முதலா, காற்று முதலா என்னும் வழக்கைப் புலவர்கள் தீர்க்கட்டும். காற்றையே மூத்ததாகக் கருத எனக்கு விருப்பம்.

மண் அடுப்பின் அமைப்பும் எளியதன்று. புற்றுமண்ணைக் குழைத்து மூன்று குமிழ் எழுப்பிச் சாணமிட்டு மெழுகுவர். அதன் அருகே கொடியடுப்பு இருக்கும். தாய் அடுப்பில் எரியும் தீயின் வெம்மை ஒரு துளை வழியே கொடியடுப்புக்குச் செல்லும். சோறு கொதிக்கும்போதே பக்கத்தில் குழம்பு சூடாகும். மேலே பரண். விறகும் தேங்காயும் விதைக்காய்களும் அங்கே புகையில் உலரும்; பூச்சி அணுகாது. ஓலைக் கூரைக்கும் அப்புகையே காவல். பொருள்களுக்கு நன்மை செய்த புகை பெண்களின் கண்ணையும் மார்பையும் அரித்தது. அக்கணக்கை நெடுநாள் எவரும் எழுதி வைக்கவில்லை.

அடுப்பைப் பெருக்கினால் அடுக்களை எவ்வளவு வளரும் என்பதற்குப் பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை சான்று. திருவிதாங்கூரின் தலைநகராக 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை விளங்கிய அவ்வரண்மனையில், இரண்டு தளங்களிலுமாக 2,000 பேர் ஒருசேர அமர்ந்து உண்ண இடமுண்டு. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அவ்வரண்மனையைக் கேரள அரசே பேணி வருகிறது.

அரசர் வீட்டை விட்டுக் குடிகளின் வீட்டுக்கு வருவோம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவிய காலத்தில் ஒரு கூரையின்கீழ் பலர் வாழ்ந்தனர். சொத்து மருமக்களைச் சேரும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்னும் சிறுபகுதியே கிட்டும். அம்முறையின் அவலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மான்மியமாகப் பாடியபோது, ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே பாடினார் என்பது நினைக்கத்தக்கது. கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பாகப்பிரிவினைக்கு வழி பிறந்தது. பாகம் பிரிந்தால் முதலில் பிரிவது உலை. ஒரு தீக்கென அமைத்த வீட்டில் இரண்டு மூன்று தீ எரிய வேண்டியதாயிற்று. தாழ்வாரமும் நெல்லறையும் அடுக்களை ஆனால் புகை எவ்வழி போகும்?

அதே 1926-இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலை அம்மையார், ஏறத்தாழ ஆறடி அகலமும் பதினோரடி நீளமும் உள்ள சமையலறை ஒன்றைத் திட்டமிட்டார். சமைப்பவள் எடுத்துவைக்கும் அடிகளை அளந்து, இரயில் உணவு வண்டியின் சமையலறையை முன்மாதிரியாகக் கொண்டு வகுத்த அமைப்பு அது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதை அமைத்தனர். அதற்கும் முன்னர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரம்போர்டு பிரபு இரும்பு உருளை ஒன்றைச் செங்கற் சுவருக்குள் பதித்து, கீழே சிறுதீ மூட்டி இறைச்சி வாட்டும் கருவியைச் செய்தார். இன்று சுவரில் பதிக்கும் மின்சாரப் போரணைக்கு அதுவே பாட்டன். போரணை என்பதும் போர்த்துக்கீசியர் தந்த சொல்லே. ரொட்டிக்கடைகளில் உள்ள செங்கல் போர்மாவும் இக்குடும்பம்தான்: உள்ளே விறகெரித்து, கனலை வாரிவிட்டு, சுவர் தேக்கிய சூட்டிலேயே ரொட்டி வேகும்.

நம் நாட்டில் 1953-இல் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி நூல் எழுதினார். 1980-களில் தேசியத் திட்டமே எழுந்தது. 2002-இல் அது முடிவுற்றது. குழாயைத் தூய்மை செய்யாத வீடுகளில் புகை மீண்டும் அறைக்கே திரும்பியது. பரண் காயவில்லை என்று குறைப்பட்டோரும் உண்டு. எரிவாயு பரவிய பின்னரே பெண்கள் குந்தியிருந்த தரையை விட்டு எழுந்து, கல்மேடையின் முன் நின்று சமைக்கலாயினர்.

இன்று பழைய வீட்டைப் புதுப்பித்துச் சுவர்ப் போரணை வைக்க விரும்புவோர் பலர். அவர்கள் முதலில் பார்க்கவேண்டியது சுவரை. உத்தரம் தாங்கும் சுவரைக் குடைதல் ஆகாது. தனியே ஒரு நிலையலமாரி செய்து அதில் பொருத்துவதே நலம். அகலமும் உயரமும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உள்ள இடைவெளியும், பின்புறம் சூடு வெளியேற வழியும், தனி மின்கம்பியில் 16 ஆம்பியர் இணைப்பும் வேண்டும். போரணையின் தட்டு முழங்கை மட்டத்துக்கு மேல் இருந்தால் கொதிக்கும் பண்டம் மார்பில் சரியும். சூடான தட்டை இறக்கக் கைக்கெட்டும் தொலைவில் கல்மேடை இருக்கட்டும். குளிர்ப்பெட்டி சற்று விலகி நிற்கட்டும். இரு பருவ மழையும் காணும் மாவட்டம் ஆதலால் ஈரம் கசியும் வெளிச்சுவரைத் தவிர்ப்பது நன்று. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை விரைவில் தின்னும்.

இவ்வளவும் செய்த பின்னரும், தென்கேரளத்தைப் போலவே இங்கும் பல புதுவீடுகளின் கொல்லைப்புறத்தில் விறகடுப்புக்கென்று ஒரு சிறு சாய்ப்பு இறக்கப்படுகிறது. முன்னே உள்ள அழகிய அடுக்களை விருந்தினர் காண்பதற்கு. நெல் அவிப்பதும் மீன் வேகவைப்பதும் பின்னே. அச்சாய்ப்பில் நிற்பவர் யார், அதற்குப் புகைப்போக்கி உண்டா என்பதையும் வரைபடம் போடும் நாளிலேயே கொத்தனாரிடம் கேட்டுவிடுதல் வேண்டும்.