ஸ்டாண்ட் மிக்சர் வாங்கும் முன் கொஞ்சம் கிரைண்டர் வரலாறு

2020-ல் ஊரடங்கு வந்தாலும் வந்தது, எங்க பரவையில கூட தெருவுக்கு ஒரு கேக் கடை முளைச்சிருச்சு. கடைன்னா போர்டு மாட்டின கடை இல்லைங்க. அடுப்படியில ஒரு ஓவன், வாட்சப்பில் நாலு படம், பக்கத்துத் தெருப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ ஆர்டர். அவ்வளவுதான் கடை. நடத்துவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள். கேக்கில் ஆரம்பித்து பன், பிரெட் என்று போகும்போதுதான் சிக்கல் வருகிறது. கையில் பிடிக்கிற பீட்டர் பிரெட் மாவுக்குத் தாங்காது. அப்போது வருகிற கேள்வி: "ஸ்டாண்ட் மிக்சர் எது வாங்கலாம்?"

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று விலை போகிற சாமான். சேர்த்து வைத்த சீட்டுப் பணம் மொத்தமும் அதில்தான் போகும். தப்பான மெசினை வாங்கினால் தொழிலே படுத்துவிடும். அதனால் மாடல் பெயர் சொல்வதற்கு முன்னால், இந்த மெசின்கள் எப்படி வந்தன என்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். கதை தெரிந்தால் எதைப் பார்த்து வாங்கணும் என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் ஆட்டுரல். உரல் அசையாது. குழவிதான் சுற்றும், அதுவும் நம் கையால். சுற்றிக்கொண்டே தன்னைத்தானேயும் உருளும். ஒரு கை குழவியில், இன்னொரு கை மாவைத் தள்ளிவிட. எங்க ஆச்சி காலத்தில் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பூராம் இதுதான் வேலை. அந்தக் கல் எத்தனை தோள்பட்டைகளைத் தின்றதோ!

இப்போது அப்படியே அமெரிக்காவுக்குப் போவோம். 1908-ல் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற பொறியாளர், ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் மாவைக் கரண்டியால் கிண்டிக்கொண்டு அவதிப்படுவதைப் பார்த்தாராம். அவர் வேலை பார்த்தது ஓகையோ மாநிலத்தின் ட்ராய் நகரத்தில் இருந்த ஹோபார்ட் கம்பெனிக்காக. சில ஆண்டுகளில் பேக்கரிகளுக்கான பெரிய மின்சார மிக்சர் தயார். கொள்ளளவு 80 குவார்ட், அதாவது சுமார் 75 லிட்டர். அமெரிக்கப் போர்க்கப்பல்களின் சமையலறைக்கும் அது போனது. 1919-ல் வீட்டுக்கான சின்ன உருவம் வந்தது. அதுதான் கிச்சன்எய்ட். சின்னது என்றா சொன்னேன்? எடை 65 பவுண்டு, கிட்டத்தட்ட முப்பது கிலோ :) விலை 189.50 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. பெண் விற்பனையாளர்கள் வீடு வீடாகப் போய் செய்து காட்டித்தான் விற்றார்கள். 1937-ல் எக்மான்ட் ஆரென்ஸ் வடிவமைத்த 'கே' மாடல் வந்தது. இன்றைக்குக் கடையில் பார்க்கிற உருவத்துக்கு அதுதான் மூலம். பிரிட்டனில் கென்னத் வுட் 1950-ல் கென்வுட் செஃப்பைக் கொண்டுவந்தார்.

இந்த மெசின்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் கவனியுங்க. பாத்திரம் அசையாது. மேலே இருந்து தொங்கும் கொக்கி தானும் சுழன்று, பாத்திரத்தையும் சுற்றி வரும். பூமி தானும் சுற்றி சூரியனையும் சுற்றுகிற மாதிரி. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ஆட்டுரலில் ஆச்சியின் கையில் குழவி செய்த வேலைதான் இது!

அடுத்து சுவீடன். 1940-ல் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி 'அசிஸ்டென்ட்' என்று ஒரு மெசின் போட்டது. வடிவமைத்தவர் ஆல்வார் லென்னிங். இவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். மோட்டாரைக் கீழே வைத்து, பாத்திரத்தையே சுற்ற விட்டார். ஒரு உருளை பாத்திரத்தின் ஓரத்தை ஒட்டி நின்ற இடத்திலேயே உருளும், மாவு அதனடியில் மாட்டிப் பிசைபடும். இன்றைக்கும் அந்த மெசின் 'அங்கர்ஸ்ரும்' என்ற பெயரில் வருகிறது. கெட்டி மாவு பிசைவதில் அதற்குத் தனி மரியாதை.

இனி நம்ம கோயம்புத்தூர். 1932-ல் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் கோவையில் மில்லுகள் பெருகின. மில்லுகள் பெருகியதால் மோட்டாரும் பம்புசெட்டும் வார்ப்படமும் செய்கிற பட்டறைகள் பெருகின. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில் 1937-லேயே அங்கே மோட்டார் தயாரானது. பக்கத்தில் ஊத்துக்குளிப் பக்கம் நல்ல கருங்கல் கிடைக்கிறது. மோட்டார் தெரிந்த கையும் கல் கொத்தத் தெரிந்த கையும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் என்ன பிறக்கும்? கிரைண்டர்தான். 1955-ல் சபாபதி என்பவர் முதல் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்று சொல்கிறார்கள். 2005-06-ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கியது.

இங்கேயும் கணக்கு தலைகீழ்தான். உரல் சுற்றும், குழவி நின்ற இடத்தில் உருளும். சுவீடனும் கோயம்புத்தூரும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததாக நான் சொல்லவில்லை. கெட்டியான, கனமான பொருளை அரை மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கணும் என்றால், கனத்தை அடியில் தாங்கவிட்டு அடியையே சுற்றுவது சுலபமான வழி. இரண்டு பேரும் அந்த வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பெரிய பேக்கரிகளில் இருக்கும் ஸ்பைரல் மிக்சரிலும் பாத்திரம் சுற்றத்தான் செய்கிறது.

அப்புறம் மிக்சி கதை. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், மும்பைக்காரர். வீட்டில் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்சரில் மோட்டார் எரிந்துபோனது. பழுது பார்க்க இங்கே ஆள் இல்லை. நம்ம ஊர் சமையலுக்குத் தாங்குகிற மாதிரி நாமே ஒன்று செய்வோம் என்று இறங்கினார். 1963 வாக்கில் பிறந்தது சுமீத் மிக்சி. காய்ந்த மிளகாயும் மஞ்சளும் அரைக்கத் தாங்கும் 500 வாட் மோட்டார். எங்க அம்மா தலைமுறைக்கு மிக்சி என்றாலே சுமீத்.

இந்தக் கதையில் நான் அடிக்கோடு போடுவது 500 வாட்டுக்கு அடியில் இல்லை. "பழுது பார்க்க ஆள் இல்லை" என்கிற இடத்தில்தான். வெளிநாட்டு மெசின் கெட்டது என்று ஒரு இந்தியத் தொழிலே பிறந்தது. அறுபது வருசம் கழித்து அதே இடத்தில் போய் நாம் மாட்டிக்கலாமா?

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது ஐந்து விஷயம்.

ஒன்று, வாட் கணக்கை நம்பாதீங்க. மிக்சி 750 வாட். ஆனால் சில நிமிசம் ஓட்டிவிட்டு ஓய்வு கொடு என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். மேசை மேல் வைக்கும் கிரைண்டர் 150 வாட்தான். அரை மணி நேரம் ஓடினாலும் அலட்டிக்காது. ஏன்? மிக்சி மோட்டார் நிமிசத்துக்குப் பத்தாயிரக் கணக்கில் சுற்றுகிற ரகம். அதன் பலம் வேகத்தில் இருக்கிறது. கிரைண்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிற இண்டக்சன் ரகம், பெல்ட் போட்டு வேகத்தை இன்னும் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிறார்கள். வாட் என்பது மெசின் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு மாவைப் புரட்டும் என்ற கணக்கு அல்ல. அதனால் "1500 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்ட மலிவு ஸ்டாண்ட் மிக்சரைப் பார்த்து மயங்க வேண்டாம். கியர் உலோகமா, கெட்டி மாவு அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா, இதைப் பாருங்க. கிச்சன்எய்டில் புளித்த மாவை இரண்டாம் எண் வேகத்துக்கு மேல் பிசையாதே என்று கம்பெனியே சொல்கிறது. ஒரு கிலோ மைதா, 600 மில்லி தண்ணீர் என்றால் 1.6 கிலோ மாவு. அந்தக் கனத்தை வாரம் நாலு நாள் பிசைவதானால் தலை சாய்கிற மாடல் வேண்டாம், பாத்திரத்தைத் தூக்கி மாட்டுகிற மாடலுக்குப் போங்க. கெட்டி மாவு கொக்கியில் ஏறி உதறும்போது, கீல் போட்ட தலை ஆட்டம் காணும்.

இரண்டு, நீங்கள் செய்யப்போவது கேக்கா, ரொட்டியா? முட்டை வெள்ளையும் கிரீமும் நுரைக்க அடிக்க, பாத்திரம் பூராம் சுற்றி வரும் அமெரிக்க முறைதான் சரி. கிரைண்டரில் கிரீம் அடிக்க முடியாது. ஆனால் உங்கள் வேலை பெரும்பாலும் பன்னும் பிரெட்டும் சப்பாத்தியும் என்றால், பாத்திரம் சுற்றுகிற முறை மேல். பல இரண்டு லிட்டர் கிரைண்டர்களோடு சப்பாத்தி மாவு பிசைகிற கையும் சேர்ந்தே வருகிறது. அதைப் பரணில் போட்டு வைத்திருப்பீர்கள். எடுத்து அரைக் கிலோ மாவு போட்டுப் பாருங்க. முதல் ஆறு மாதம் தொழிலை அதிலேயே ஓட்டிவிடலாம். ஆர்டர் நிலைத்த பிறகு பெரிய மெசின்.

மூன்று, நம்ம ஊர் வெயில். பிசையும்போது உராய்வில் மாவு சூடாகும். ரொட்டி மாவு 25 டிகிரியில் இருந்தால் நல்லது. பேக்கரிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 25-ஐ மூன்றால் பெருக்கி, அதில் மாவின் சூடு, அறையின் சூடு, மெசின் ஏற்றும் சூடு மூன்றையும் கழித்தால், ஊற்ற வேண்டிய தண்ணீரின் சூடு. மே மாசம் மதுரையில் மாவு 34, அடுப்படி 36, மெசின் 12 என்று வையுங்கள். 75-ல் 82 போனால்? மைனஸ் ஏழு! ஐஸ் தண்ணீர் ஊற்றினாலும் பத்தாது. மாவை முதல் நாளே பிரிட்ஜில் வைத்து 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 17 டிகிரித் தண்ணீர் போதும். ஐம்பதாயிரம் ரூபாய் மெசின் தராததை ஒரு பிரிட்ஜ் தட்டு தரும்.

நாலு, அமெரிக்காவில் இருக்கும் தம்பி வாங்கி வருகிறேன் என்கிறானா? அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்சை மாற்றாது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் அதைப் பொருட்படுத்தாது. இண்டக்சன் மோட்டாருக்கு வேகமே மாறிப்போகும். அதோடு இங்கே வாரண்டியும் கிடைக்காது. அவனை வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்லுங்க :)

ஐந்து, வாரண்டி அட்டையில் பொடி எழுத்து. 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று பல கம்பெனிகள் போட்டிருப்பார்கள். நீங்கள் கேக் விற்றால் அது வியாபாரம். வாங்கும் முன் கடைக்காரரிடம் நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்க. மதுரையிலேயே சர்வீஸ் இருக்கா, கியரும் பிரஷ்ஷும் எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்க. கிரைண்டர் பழுதானால் பெல்ட் மாற்ற, காயில் கட்ட ஏரியாவுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். அவர்களால்தான் கிரைண்டர் இத்தனை வீட்டில் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லணும். 2011 தேர்தலில் கிரைண்டரும் மிக்சியும் தேர்தல் வாக்குறுதியாகவே வந்தன. அந்த செப்டம்பர் 15-ம் தேதி அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2012-ல் தென் மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட் ஆனபோது, "கிரைண்டர் வந்துச்சு, கரண்டு எங்கே?" என்று நாம் சிரித்தோம். ஓசி என்று கேலி பேசியவர்களும் உண்டு. கேலி பேசியவர்களில் எத்தனை பேர் ஆட்டுரல் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? ஜான்ஸ்டன் பார்த்த ரொட்டிக்காரருக்கு வலித்த அதே தோள்தான் ஆச்சிக்கும் வலித்தது. இந்த மெசின்கள் எல்லாமே அந்த வலிக்குச் சொன்ன பதில்.

அதனால் ஸ்டாண்ட் மிக்சரை ஆடம்பரம் என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் கண்டுகொள்ளாதீங்க. உழைத்துச் சம்பாதிக்கிற கைக்கு அது கருவி. ஆனால் கலரைப் பார்த்து வாங்காதீங்க. ஒரு கிலோ மாவை அது புரட்டுவதைக் கடையிலேயே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்க.