உயிர்ப்புழுவா, உறைந்த புழுவா? மீன் தொட்டிக்கு எது நல்லது?

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் இரண்டு வகைப் புழு விற்கிறது. ஒன்று, தட்டில் சிவப்புக் கொத்தாக நெளியும் உயிர்ப்புழு. மற்றது, ஃப்ரீசரில் சிறு சிறு கட்டிகளாக உறைந்திருக்கும் பிளட் வார்ம். முதலாவதை வாங்குபவர், “உயிரோடு இருப்பதைவிடப் புதிய உணவு ஏது?” என்பார். இரண்டாவதை வாங்குபவர், “உறைந்த பிறகு கிருமி ஏது?” என்பார். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. உயிர் உணவின் ஆபத்து அது பிறந்த இடத்தில் இருக்கிறது. உறைந்த உணவின் ஆபத்து அது கடந்து வந்த வழியில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எதை, யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

பிறந்த இடம்

கடைகளில் வெறும் ‘புழு’ என்று கேட்டாலே கிடைப்பது டியூபிஃபெக்ஸ். மண்புழுவுக்கு உறவான இது, தலையைச் சேற்றில் புதைத்து வாலை நீரில் ஆட்டிக்கொண்டே மூச்சு விடும். பிராணவாயு மிகக் குறைந்த கழிவுநீர்ச் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். கழிவு மிகுந்த வாய்க்கால்களில் இது கொத்துக் கொத்தாகப் பெருகுவதும் அதனால்தான். அந்தச் சேற்றைத் தின்றே வளர்வதால் அங்குள்ள காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களும் நுண்ணுயிரிகளும் அதன் உடலில் சேர்கின்றன. ஓடும் நீரில் ஓரிரு நாள் வைத்தால் குடலில் இருக்கும் சேறு வெளியேறும். திசுவில் ஏறிய உலோகம் அவ்வளவு எளிதில் வெளியேறாது.

நோய்க்கும் இந்தப் புழு இடம் கொடுக்கும். ட்ரவுட் மீன்களைச் சுழன்று சுழன்று நீந்தவைத்துக் கொல்லும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. அது தன் வாழ்வின் ஒரு பகுதியை டியூபிஃபெக்ஸுக்குள்தான் கழிக்கிறது என்பதை 1984-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் தொட்டி மீன்களுக்கு அந்த நோய் வராது. ஆனால் புழு வெறும் உணவாக மட்டும் தொட்டிக்குள் வருவதில்லை என்பதற்கு அது சான்று.

பிளட் வார்ம் புழுவே அல்ல. கடிக்காத ஒரு வகைக் கொசு ஈயின் இளம்பருவம். நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. இதுவும் சேற்றில் வளர்வதுதான். ஆகவே எங்கே வளர்ந்தது, எப்படிக் கழுவப்பட்டது என்ற கேள்வி உறைந்த கட்டிக்கும் உண்டு. நல்ல நிறுவனங்கள் கழுவி, கிருமி நீக்கி, வேகமாக உறையவைத்து அடைக்கின்றன; சில நிறுவனங்கள் காமாக் கதிர்களையும் பயன்படுத்துகின்றன. பெயரோ தேதியோ இல்லாத பாலித்தீன் பையில் வரும் கட்டிக்கு இந்த உத்தரவாதம் எதுவும் இல்லை.

குளிர் எதைக் கொல்லும்?

உறையவைத்தால் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் சாகும் என்பது உண்மை. பச்சையாக உண்ணப்படும் மீனை −20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது −35 டிகிரியில் கெட்டியாக உறையவைத்து 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வழிகாட்டுகிறது. ஒட்டுண்ணிகளை ஒழிக்கத்தான் அந்த விதி. உயிர்ப்புழுவுக்கு இப்படி ஒரு தடுப்பு இல்லை. இந்தக் கணக்கில் உறைந்த உணவு தெளிவாக முந்துகிறது.

பாக்டீரியாவின் கதை வேறு. ஆய்வகங்களில் பாக்டீரியாக்களைக் கிளிசரால் கலந்து −80 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் உயிருடன் சேமித்து வைக்கிறார்கள். கிளிசரால் இல்லாத வீட்டு ஃப்ரீசரில் சில சாகலாம்; மொத்தமாக அழிந்துபோகும் என்று எதிர்பார்க்க முடியாது. மிஞ்சியவற்றின் பெருக்கத்தைக் குளிர் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். கட்டி இளகியதும் நின்ற வேலை தொடங்கிவிடும். உறையவைத்தல் என்பது இடைநிறுத்தம், சுத்திகரிப்பு அல்ல.

கடையிலிருந்து வீடு வரை

உறைந்த உணவின் பலவீனம் இங்கேதான். அதை −18 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டிகளின் ஃப்ரீசர் எல்லாம் அந்த அளவைத் தொடுவதில்லை. கோடை மதியத்தில் இரு சக்கர வண்டியில் மாட்டிய பையில் கட்டி வீடு வந்து சேர்வதற்குள் பாதி இளகிவிடும். நீண்ட மின்வெட்டும் அதே வேலையைச் செய்யும். இளகி, மறுபடி உறைந்த கட்டியில் பாக்டீரியா ஒரு சுற்றுப் பெருகியிருக்கும்; கொழுப்பும் கெடத் தொடங்கியிருக்கும்.

இதை வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். கட்டிகள் தத்தம் குழியில் சீராக இல்லாமல் ஒரு பக்கம் வழிந்து உறைந்திருப்பது, அட்டைக்குள் பனித்தூள் அடர்ந்திருப்பது, சிவப்பு மங்கிக் கருமை தட்டியிருப்பது, பிரித்ததும் அழுகல் வாடை வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்க வேண்டாம். உயிர்ப்புழுவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கெட்டால் செத்து, வெளுத்து, நாறி, தானே காட்டிக்கொடுத்துவிடும். உறைந்த கட்டியோ, உற்றுப் பார்க்காவிட்டால் தன் கேட்டை மறைத்துக்கொள்ளும்.

சத்தும் நீரும்

சத்தில் உயிர் உணவு ஒரு படி மேல். உறையும்போது பனிப்படிகங்கள் செல்களைக் கிழிக்கின்றன. இளகும்போது அமினோ அமிலங்களும் நீரில் கரையும் வைட்டமின்களும் வெளியே கசிகின்றன. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும், கிழிசலும் கூடும். மொய்னா போன்ற மென்மையான நீர்த்தெள்ளுகளை வீட்டு ஃப்ரீசரில் உறையவைத்தால் இளகும்போது கூழாகிவிடுவது இதனால்தான். ஆலைகள் வேகமாக உறையவைப்பதால் இழப்பு குறைகிறது. சில நிறுவனங்கள் வைட்டமினும் சேர்க்கின்றன. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இந்தக் கட்டிகளில் பெரும்பகுதி நீர்தான். அன்றாட உணவாக நல்ல குருணைத் தீவனம் இருக்கட்டும். புழு பக்க உணவாக இருக்கட்டும்.

ஆஸ்கார், அரோவனா வளர்ப்போருக்குத் தனி எச்சரிக்கை. உயிருள்ள தங்கமீன்களையே தொடர்ந்து தீனியாகப் போடுவது வழக்கம். தங்கமீன் உட்பட கெண்டை இனத்தில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். அந்த மீனை உறையவைத்தாலும் நொதி அழியாது. ஆகவே இந்தக் குறைக்கு ஃப்ரீசர் தீர்வாகாது, உணவை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் தீர்வு.

தொட்டி நீரைப் பார்த்தால் இரண்டும் இரண்டு விதமாகப் படுத்தும். மிச்சமான டியூபிஃபெக்ஸ் சரளைக்குள் புகுந்து வாழும், தொட்டியிலேயே குடியேறிவிடும். மிச்சமான உறைந்த புழு சில மணி நேரத்தில் அழுகி அமோனியாவாகும். நம் ஊர்ச் சூட்டில் இது சிறிய விஷயம் அல்ல. பிஎச் 8 உள்ள நீரில், மொத்த அமோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் 25 டிகிரியில் சுமார் 5 விழுக்காடு. 30 டிகிரியில் 7-ஐத் தாண்டிவிடும். சூடான நீரில் பிராணவாயுவும் குறைவு. கோடையில் அளவு மீறிப் போட்ட ஒரே ஒரு கட்டி சிறு தொட்டியைக் கவிழ்க்கக்கூடும்.

குஞ்சுகளுக்கும் கைகளுக்கும்

ஓரிடத்தில் உயிர் உணவுக்கு மாற்றே இல்லை: குஞ்சுகள். ஏஞ்சல், ஃபைட்டர் குஞ்சுகள் அசைவதைக் கண்டுதான் வாயைத் திறக்கும். உறைந்த ஆர்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சு அசையாது, அடியில் படியும், சத்து கசிந்து அழுகும். உப்பு நீரில், சுமார் 28 டிகிரியில், நல்ல காற்றோட்டத்துடன் ஆர்டீமியா முட்டைகளை ஊறவைத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். மஞ்சள்கரு தீரும் முன், பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாய்க்கால் சேறு கலக்காத உயிர் உணவு இது. வாளியில் கொசுப்புழு வளர்ப்பதும் அதே போன்றதுதானே என்று நினைக்க வேண்டாம். தப்பிப் பறப்பவை டெங்கு பரப்பும் கொசுவாகவும் இருக்கலாம்.

உணவு போடுபவருக்கும் பாதுகாப்பு வேண்டும். பிளட் வார்மின் ஹீமோகுளோபின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும்: கண் அரிப்பு, தடிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சிரைப்பு. பொடியாகப் பறக்கும் உலர் புழுவில் அபாயம் அதிகம், உறைந்ததிலும் உண்டு. கையால் தொடாமல் கரண்டியால் எடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் இறுக மூடிய தனி டப்பா வேண்டும்.

இளக்கும் முறை

கட்டியை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். பெரிய மீன் அப்படியே விழுங்கிவிடும். ஒரு கிண்ணத்தில் தொட்டி நீர் கொஞ்சம் எடுத்து, அதில் இளகவிடுங்கள். வெந்நீர் வேண்டாம், சத்து கரையும், வெளிப்புறம் வெந்துபோகும். இளகியதும் டீ வடிகட்டியில் ஊற்றி, சிவந்த சாற்றைக் கொட்டிவிட்டு, குளோரின் இல்லாத நீரில் ஒருமுறை அலசுங்கள். அந்தச் சாறு மீனுக்கு உணவாகாது, பாசிக்குத்தான் உரமாகும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே போதும். சிறு தொட்டிக்கு அரைக் கட்டியே அதிகம். மிஞ்சியதை எடுத்துவிடுங்கள், இளகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். பாசி மேயும் ஆப்பிரிக்க சிச்லிட் வகைகளுக்குப் புழுவே வேண்டாம். வயிறு உப்பிச் சாகக்கூடும்.

தீர்ப்பு

வளர்ந்த மீன்கள் உள்ள வீட்டுத் தொட்டிக்கு, முறையாக உறைந்து முறையாகக் காக்கப்பட்ட கட்டியே மேல். குஞ்சுகளுக்கு வீட்டில் பொரித்த ஆர்டீமியா. வாய்க்கால் டியூபிஃபெக்ஸ் இரண்டுக்கும் வேண்டாம்; விலை மலிவு என்பது அதை வாங்கக் காரணமாகாது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பனிக்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். தயாரித்த தேதியைக் கேளுங்கள். மின்சாரம் நின்றால் ஃப்ரீசருக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் மீன் வாங்கலாம், உறைந்த உணவு வாங்க வேண்டாம்.