சீட்டில் ஒரு பெயர், வீட்டில் பல பேர்

கோயமுத்தூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி மறக்காது: "மொத்தம் எத்தன பேருங்க?" வாடகை எவ்வளவு என்று நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அது வந்துவிடும். லைன் வீடுகளில் தண்ணீர், கக்கூஸ், வாசல் எல்லாம் பொது. ஆள் கூடினால் சண்டையும் கூடும். ஆகவே வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் வாடகைச் சீட்டில் ஒரே பெயர்தான் எழுதுவார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் இறந்தாலோ, வீட்டை விட்டுப் போனாலோ, உள்ளே இருக்கும் மற்றவர்கள் கதி என்ன? நம் வாடகைச் சட்டத்தின் வரலாற்றையே இந்த ஒரு கேள்வியை வைத்துச் சொல்லிவிடலாம்.

முதலில் ஊரின் நிலவரம். 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. சுற்று வட்டாரத்திலிருந்து வேலைக்கு வந்தவர் முதலில் தனியாக வருவார். பிறகு தம்பி வருவான், மச்சான் வருவான், கல்யாணம் ஆகி மனைவி வருவாள். 1941 கணக்கெடுப்பில் நகரத்தின் ஜனத்தொகை சுமார் 1,30,000. 1951ல் சுமார் 1,98,000. ஜனங்கள் பெருகிய வேகத்தில் வீடுகள் பெருகவில்லை.

அந்தச் சமயம் யுத்த காலம். சிமெண்டுக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு. வாடகை ஏறியது. 1941ல் சென்னை மாகாண அரசு, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. தற்காலிகம் என்று வந்த அந்த ஏற்பாடு யுத்தம் முடிந்தும் போகவில்லை. 1946ல் சட்டமாகி, 1949ல் மாற்றி எழுதப்பட்டு, 1960ல் 18ஆம் எண் சட்டமாக நிலைத்தது. நாம் 'ரென்ட் கன்ட்ரோல் ஆக்ட்' என்று சொன்னது இதைத்தான்.

இது உலகம் முழுவதும் நடந்த கதை. முதல் யுத்தத்தின்போது 1915ல் கிளாஸ்கோ நகரப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடியதால் பிரிட்டனில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் பிரான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 1948 செப்டம்பரில் வந்த வாடகைச் சட்டத்தை பாரிஸ் பெரியவர்கள் 'நாற்பத்தெட்டு சட்டம்' என்றே சொல்வார்கள். 1954 பிப்ரவரியில் கடுங்குளிரில் ஒரு பெண் பாரிஸ் தெருவில் உறைந்து இறந்துகிடந்தார். வீட்டை விட்டு வெளியேற்றிய உத்தரவு அவர் கையிலேயே இருந்தது. ஆபே பியேர் என்ற பாதிரியார் ரேடியோவில் முறையிட, நாடே திரண்டது. 1956 முதல், குளிர்காலத்தில் யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது.

நம் 1960 சட்டத்தில் அப்படி ஒரு குளிர்காலம் இல்லை. ஆனால் வேறொரு கருணை இருந்தது. வாடகைதாரர் என்பதற்கு அது தந்த விளக்கத்தில், சீட்டில் பெயர் உள்ளவர் இறந்தால், அவர் சாகும்வரை குடும்பத்தில் ஒருவராக அதே வீட்டில் உடன் வாழ்ந்த மனைவி அல்லது கணவர், மகன், மகள், சட்டப்படியான வாரிசு ஆகியோரும் வாடகைதாரரே என்று எழுதியிருந்தது. உடன் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வெளியூரில் இருந்துவிட்டு, அப்பா இறந்ததும் சாவியைக் கேட்டு வரும் மகனுக்கு அந்த உரிமை கிடையாது.

நான் 1973ல் வேலைக்காகக் கோவை வந்தேன். சில வருஷம் கழித்து, நான் குடியிருந்த லைனில் பக்கத்து வீட்டு மில் தொழிலாளி திடீரென்று இறந்துபோனார். இரண்டு குழந்தைகள். காரியம் முடிந்த மறுமாதம் அந்த அம்மா வாடகை கொண்டுபோனபோது வீட்டுக்காரர் வாங்கவில்லை. "உங்க ஊட்டுக்காரருக்குத்தானுங்கம்மா ஊட்ட உட்டேன். உங்களுக்கு உடலீங்களே" என்றார். கெட்ட மனிதர் அல்ல. வாடகை வாங்கினால் உரிமை வந்துவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வாங்க மறுத்துவிட்டு, நாலு மாதம் கழித்து வாடகை பாக்கி என்று வழக்குப் போடுவது அந்நாளில் பழகிப்போன தந்திரம். சட்டம் அதற்கும் வழி வைத்திருந்தது. வாடகையை எந்த பாங்கில் கட்டுவது என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் மணியார்டர் அனுப்பலாம். மணியார்டர் கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம் என்றுகூட எழுதியிருந்தார்கள்! அதையும் திருப்பினால் ரென்ட் கன்ட்ரோலரிடம் கட்டலாம். கடிதத்தையும் மணியார்டர் பாரத்தையும் எழுதிக் கொடுத்தது நான். முதல் மணியார்டர் திரும்பி வந்தது. மூன்றாவதை வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் குழந்தைகள் படிப்பு முடியும்வரை அங்கேதான் இருந்தார்கள்.

உள்வாடகை இன்னொரு தகராறு. எழுத்து மூலமான சம்மதமில்லாமல் வீட்டை வேறொருவருக்கு விட்டால் காலி செய்யச் சொல்லலாம். மச்சான் வந்து தங்கியிருப்பதையே சில வீட்டுக்காரர்கள் உள்வாடகை என்று மனுப் போட்டார்கள். கோர்ட் பார்த்தது வீடு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத்தான். வாடகைதாரர் தானும் குடியிருந்து, சொந்தக்காரரையும் வைத்திருந்தால் அது உள்வாடகை ஆகாது. சாவியை ஒப்படைத்துவிட்டுத் தான் வேறிடம் போய்விட்டால்தான் வம்பு. காரணமின்றி தொடர்ந்து நாலு மாதம் வீட்டைப் பூட்டிப் போட்டாலும் காலி செய்யச் சொல்ல இடமிருந்தது.

வீட்டுக்காரர் பக்கமும் பேச வேண்டும். பென்ஷன் பணத்தில் ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்ட வாத்தியார், மகன் கல்யாணத்துக்கு அதைக் கேட்டால் முன்சீப் கோர்ட், அப்பீல், ஹைகோர்ட் ரிவிஷன் என்று பத்து வருஷம் அலைந்தார். பழைய வீடுகளின் நியாய வாடகையை 1940க்கு முந்தைய வாடகையை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டார்கள். 1973 திருத்தத்துக்குப் பிறகே கட்டடம், மனை மதிப்பில் குடியிருப்புக்கு 9 சதவீதம் என்று மாறியது. இதனால் பலர் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள், அல்லது பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டார்கள். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று சட்டம் சொல்ல, ஊரில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கமானது.

2005ல் பெங்களூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. வாடகைதாரரான கணவன் மனைவியை விட்டுப் போய்விட்டால், காலி செய்யும் வழக்கில் அந்த மனைவியே நின்று வாதாடலாம், வாடகையும் கட்டலாம் என்றது. ஆனால் விவாகரத்து ஆகிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

இப்போது அந்த 1960 சட்டமே இல்லை. 2017ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாடகைதாரர் இறந்தால் வாரிசுகளுக்குக் கிடைப்பது ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலம் மட்டுமே. பழைய சட்டம் வீட்டுக்குள் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தது. புதுச் சட்டம் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறது.

வாடகை வீட்டில் இருக்கும் நம் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரையும் போடுங்கள். உடன் இருப்பவர்கள் யார் யார் என்று அதிலேயே எழுதுங்கள். வாடகையை பாங்க் மூலம் கொடுங்கள். காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் பேச்சை எடுங்கள். வீட்டுக்காரராக இருப்பவர்களும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை ஒரு துக்கம் நேர்ந்தால், பதினாறாம் நாள் முடிவதற்குள் "நீங்கள் யார்?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்கும் சங்கடம் இரண்டு பக்கத்துக்கும் இருக்காது.