மழவர் மகள், சோழர் மாதேவி

செம்பியன் மாதேவி மழவர் குலச் சிற்றரசர் ஒருவரின் மகளாகப் பிறந்து, முதலாம் பராந்தக சோழனின் மகன் கண்டராதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர். பிராந்தகன் மாதேவடிகள் என்ற பெயரும் அவருக்கு உண்டு. மழவரையரின் மகள், கண்டராதித்த தேவரின் தேவி, உத்தம சோழனைத் திருவயிற்றில் தாங்கிய தாய் என்று மூன்று உறவுகளைச் சொல்லியே கல்வெட்டுகள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. சோழர் குலத்தில் செம்பியன் மாதேவி என்ற பட்டப்பெயர் தாங்கிய வேறு அரசியரும் இருந்ததால், எந்தக் கொடை எவருடையது என்று பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு உதவுவது இந்த மூன்று உறவுகள்தாம்.

மழவர் நாடு கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடியைச் சுற்றி அமைந்திருந்தது. சோழநாட்டின் வடக்கு எல்லையைக் காக்க இத்தகைய குறுநில மன்னர்களின் துணை தஞ்சைக்குத் தேவைப்பட்டது. கொள்வினை கொடுப்பினையால் அந்தத் துணை உறுதிப்பட்டது. மாதேவியின் கொடையைக் குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டு பராந்தகன் ஆட்சியின் 34ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 941. சிவன் திருமுன் அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு அவர் வைத்த அறக்கட்டளை அது. மாமனார் அரியணையில் இருந்தபோதே இளவரசன் மனைவி தம் பெயரில் கொடை வழங்கியிருக்கிறார்.

அடுத்த சில ஆண்டுகளில் சோழர் நிலை தாழ்ந்தது. 949இல் தக்கோலப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படை வென்றது. பட்டத்து இளவரசன் இராசாதித்தன் யானை மேலேயே உயிர் துறந்தான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போக, சுருங்கிய நாட்டுக்குக் கண்டராதித்தன் அரசனானான். வாளைவிடத் தமிழும் சிவபக்தியும் அவன் பெயரை நிலைநிறுத்தின. தில்லைக் கூத்தன் மேல் அவன் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. 957ஐ ஒட்டி அவன் ஆட்சி முடிந்தது. கல்வெட்டுகள் அவனை ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்கின்றன. அவன் இறந்ததைத்தான் இப்படி மங்கலமாகச் சொன்னார்கள் என்பார் சிலர். துறவு பூண்டு மேற்றிசை சென்றான் என்பார் வேறு சிலர். எப்படியாயினும், மாதேவி கைம்மை வாழ்வை ஏற்றபோது மகன் சிறுவன். பட்டம் கொழுந்தன் அரிஞ்சயனுக்கும், பின் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்தன் கொலையுண்ட பிறகே உத்தம சோழன் அரசுரிமை பெற்றான்.

மாதேவியின் பெரும்பணிகள் ஏறக்குறைய 970 முதல் 985 வரை நீண்ட அந்த மகனின் ஆட்சியில் நடந்தவை. மூவர் தேவாரம் பெற்ற காவிரிக்கரைத் தலங்கள் பல அப்போதும் செங்கற் கோயில்களாகவே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கினார். திருநல்லம் என்னும் கோனேரிராசபுரம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை என்னும் ஆடுதுறை, திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலம் ஆகியவை அவற்றுள் அடங்கும். தம் பெயரிலேயே அமைந்த செம்பியன் மாதேவிச் சதுர்வேதிமங்கலத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், கைலாசநாதர் கோயிலையும் எடுப்பித்தார். கட்டிடத்தோடு அவர் நிற்கவில்லை. பூசை, திருவமுது, விளக்கு, விழா ஆகியவற்றுக்கு நிலமும் பொன்னும் வைத்தார். பணியாளர்களின் வாழ்வுக்கும் வழி செய்தார்.

இவற்றுள் கோனேரிராசபுரம் நின்று பார்க்க வேண்டிய கோயில். கணவன் பெயரால் எடுப்பித்தது அது. அதன் சுவரில் கண்டராதித்தன் கைகூப்பிச் சிவலிங்கத்தை வழிபடும் சிறு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதை யார், யார் நினைவாகச் செய்வித்தார் என்று சிற்பத்தோடு கல்வெட்டும் சொல்கிறது. கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தனான அரசரண சேகரனின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அவன் இராசகேசரி மூவேந்த வேளான் என்ற பட்டமும் பெற்றான். சோழர் காலத்து எத்தனையோ விமானங்களை எழுப்பிய கைகளின் பெயர் நமக்கு எட்டாதபோது, இங்கே ஒருவன் பெயர் தப்பியிருப்பது பெரும்பேறு.

கட்டடக் கலையிலும் அவர் காலம் ஒரு திருப்பம். முற்சோழர் கோயில்களில் விமானத்தின் புறச்சுவரில் தேவகோட்டங்கள் சிலவே இருந்தன. தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே திருமால் அல்லது இலிங்கோற்பவர், வடக்கே பிரமன் என்பது வழக்கம். மாதேவியின் கற்றளிகளில் அர்த்தமண்டபச் சுவர்களும் கோட்டங்கள் பெற்றன. பிள்ளையார், அகத்தியர், ஆடவல்லான், பிச்சாடனர், கொற்றவை எனத் திருமேனிகள் பெருகின. ஆடவல்லான் வடிவம் சோழநாடெங்கும் கோட்டத்தெய்வமாக நிலைபெற்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு எனக் கலை வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். தில்லைக் கூத்தனைப் பாடியவனின் மனைவி என்பதை நினைத்தால் அது பொருத்தமே.

அவருடைய பணிகளில் உயர்ந்தது எது என்று கேட்டால், திருக்கோடிகாவில் நடந்ததையே சொல்ல வேண்டும். பழைய கோயிலைப் பிரித்தபோது, முன்னோர் கொடைகள் வெட்டப்பட்ட கற்கள் அங்கே தனித்தனியாகக் கிடந்தன. அவற்றை ஒதுக்கித் தள்ளியிருந்தால் கேட்பார் இல்லை. புதுக் கற்றளியில் தம் பெயர் மட்டுமே நின்றிருக்கும். மாதேவியோ அந்தப் பழங்கல் வாசகங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார். இவை பழங்கற்களின் படி என்ற குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. அப்படித் தப்பியவற்றுள் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் தேவி வீரமகாதேவியின் கொடையும் ஒன்று. இரணியகர்ப்பம், துலாபாரம் என்னும் பொற்கொடைச் சடங்குகளில் புகுந்த பொன்னிலிருந்து அவள் கோயிலுக்கு வழங்கியது அது. நூறாண்டுக்கு முன், வேற்றுக் குலத்து அரசி ஒருத்தி செய்த அறத்தைச் சோழ அரசி காத்துக் கொடுத்தார். ஆவணங்களைக் காப்பது அறத்தின் பகுதி என்று உணர்ந்த மனம் இது. இன்றைய திருப்பணிகளில் கல்வெட்டுகள் மேல் சுண்ணமும் சாயமும் பூசப்படுவதைக் காணும்போது அந்த மனத்தின் அருமை விளங்குகிறது.

985இல் முதலாம் இராசராசன் அரசேற்றான். ஆட்சி மகன் வழியிலிருந்து மாறியும் மாதேவிக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. விழுப்புரத்தை அடுத்த திருவக்கரையில் சந்திரமௌலீசுவரர் கோயிலை 1001இல், இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டில் கற்றளியாக்கினார். முதல் விளக்குக் கொடையிலிருந்து இதுவரை அறுபது ஆண்டுகள். பராந்தகன் தொடங்கி ஆறு சோழ மன்னர்களை அவர் கண்டுவிட்டார்.

சித்திரை மாதத்துக் கேட்டை அவர் பிறந்த நாள். அந்நாளில் கைலாசநாதர் கோயிலில் சிறப்பு வழிபாடும் அன்னமும் நடக்க உத்தம சோழனின் தேவியர் அறக்கட்டளைகள் வைத்தனர். மருமக்கள் மாமியாருக்குச் செய்த சிறப்பு அது. அதே கோயிலில் 1019இல், முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவருடைய திருவுருவம் எழுந்தருளுவிக்கப்பட்டது. ஆடுதுறைக் கோயிலில் சிவனை வழிபடும் பெண்ணுருவம் ஒன்றும் அவருடையதாகக் கருதப்படுகிறது. வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடம் 1929இல் வாங்கிய, ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள செப்புத் திருமேனி அவரைப் பார்வதி வடிவில் காட்டுவது என்ற கருத்து உலகெங்கும் பரவியுள்ளது. நெடிய கைகளும் மெலிந்த இடையும் கொண்ட அவ்வுருவம் அவருடையதுதான் என்பதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. பீடத்தில் பெயர் எதுவும் வெட்டப்படாததால் விவாதம் தொடர்கிறது.